தோள்பட்டையில் ஒட்டிய பிளாஸ்திரி

பிளாஸ்திரியைக் குளித்துத் துடைத்த பிறகுதான் ஒட்ட வேண்டும், சார். ஈரத்தில் பிடிக்காது. என் மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. என் தங்கை கணவர் மட்டும் போட்டுக்கொண்டார். தினமும் காலையில் முதுகைத் துடைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்காருவார். சொன்ன பேச்சைக் கேட்காத மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது.

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அவள் கட்டிக்கொண்டவர் டிவி, ரேடியோ பழுது பார்ப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலிலேயே சிகரெட்டையும் பற்றவைத்துக்கொள்வார். தீப்பெட்டி மிச்சம் என்று சிரிப்பார். அவள் இருமினால், "ஆரம்பிச்சுட்டியா?" என்பார், தலையைத் தூக்காமலே.

ஒரு மத்தியானம் அவளுக்கு மூச்சு முட்டியது. இன்ஹேலர் தீர்ந்துபோயிருந்தது. புதிது வாங்க அவர் என் கடைக்கு ஓடி வந்தாராம். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். புகையோடு கடைக்குள் கால் வைக்கக் கூடாது என்று முன்பு ஒருமுறை அவரை நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். அதனால் முடித்துவிட்டு உள்ளே வந்தார். நானும் கையில் வேலையாக இருந்தேன், கூப்பிட்டு என்னவென்று கேட்கவில்லை. அது பெரிய விஷயமில்லை. நாங்கள் இன்ஹேலரோடு போய்ச் சேர்ந்தபோது அவள் ஜன்னலைப் பார்த்தபடி தரையில் கிடந்தாள். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

"பாதி இருந்துச்சுக்கா, தூக்கிப் போட மனசு வரல" என்று என் காலடியில் உட்கார்ந்து அழுதார். பாதி சிகரெட்டைச் சொன்னார்.

அடக்கம் முடிந்து சில வாரங்களில் மறுபடி கடைக்கு வந்தார். "இந்தச் சனியனை விட்டுடணும்கா. ஏதாவது மருந்து குடுங்க. பொண்ணுக்காகவாவது நான் நல்லா இருக்கணும்" என்றார். நல்லா இருக்கணுமாம். சிகரெட்டை விட்டுவிடுவார், நெஞ்சு தெளியும், இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வார், கிழவனாகி நிம்மதியாகச் சாவார். என் தங்கைக்குக் கிடைக்காத மூச்சையெல்லாம் இவர் இழுத்து இழுத்து விடுவார். அதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நிகோடின் பேட்ச் பார்ப்பதற்குப் பிளாஸ்திரி மாதிரியேதான் இருக்கும். உடம்புக்குள் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், சிகரெட் தேடும் தவிப்பு அடங்கும். நான் வெறும் பிளாஸ்திரியைச் சதுரமாக நறுக்கி அந்த உறையில் போட்டு வைத்தேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்கே குடிபோனேன். தினமும் அவர் தோள்பட்டையில் என் கையாலேயே ஒட்டி, பிடிக்கிறதா என்று அழுத்தியும் பார்ப்பேன். மத்தியானத்துக்குள் அவருக்குக் கை நடுங்கும். திருகாணியைக் கீழே போடுவார். பிறகு பற்றவைத்துவிட்டுத் தலை குனிந்து நிற்பார். "பரவாயில்ல தம்பி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பேன். ஒருநாள்கூடக் கடிந்து பேசியதில்லை.

விட்டுவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதனால் வெளியே பிடிக்க வெட்கம். முன்னறைக் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு பிடிப்பார். அந்த அறையில்தான் என் தங்கை மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள். அப்பாவை விட்டு நகர மாட்டாள்.

அவள் இருமத் தொடங்கியபோது சளிதான் என்றேன். சிரப் கொடுத்தேன். நெஞ்சில் கிருமித் தொற்று என்று சொல்லி டாக்டர் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாட்டிக் கொடுத்தேன், தீர்ந்ததும் இன்னொன்று. இரவெல்லாம் அவள் நெஞ்சு விசிலடித்தது. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும், அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்து வளர்ந்தவள் நான். ஆஸ்துமா என்று வாய்விட்டுச் சொன்னால் அவர் அன்றைக்கே சிகரெட்டைத் தலையைச் சுற்றி எறிந்திருப்பார். அத்தனை நாள் பட்ட பாடு வீணாகியிருக்கும்.

போன வாரம் அவளால் "பெரியம்மா" என்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளை பக்கத்தில் சிகரெட் பிடிப்பதா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைப் பிடித்துத் திட்டினார். "விடுறதுக்குத் தினமும் பேட்ச் ஒட்டுறேன் டாக்டர், வேணும்னா பாருங்க" என்று அவர் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். நர்ஸ் அதை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது வெறும் பிளாஸ்திரி" என்றாள். அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், பாவம், நான் விளக்கிச் சொல்வேன் என்று.

ஆமாம், நான்தான் செய்தேன், இன்ஸ்பெக்டர் சார். பிள்ளை இன்னும் கண் திறக்கவில்லை, குழாய் வழியாகத்தான் மூச்சு என்கிறார்கள். சாயங்காலம் நீங்கள் அவளைப் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். உங்கள் சட்டையில் சிகரெட் வாடை அடிக்கிறது, சார். மாற்றிக்கொண்டு போங்கள். அடுத்தவர் மூச்சை நினைத்துப் பார்க்காத ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது.