கியர் இரும்பா, பிளாஸ்டிக்கா?

— மாவு பிசையிற மெஷினுக்கு வாட்ஸ் பாத்து ஏமாறாதீங்க ஆன்ட்டி. டப்பாவுல கொட்டை எழுத்துல ஆயிரத்து ஐந்நூறுன்னு போட்டிருப்பான். ரொட்டி மாவு போட்டா பத்து நிமிசத்துல புகை வரும் லா.

— எங்க வீட்டுல அப்படித்தான் ஆச்சு தம்பி. யுகேந்திரனா பேரு? சட்டையில போட்டிருக்கே. எம் மருமக அபர்ணா, இதோ நிக்கிறா பாருங்க, தீபாவளி ஆர்டருக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தா. டப்புன்னு ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரிஞ்ச வாடை.

— அது என் தப்பு அத்தை. ரெண்டு கிலோ மாவை ஒரேயடியா கொட்டிட்டேன்.

— எதுக்கெடுத்தாலும் உம்மேலயே பழி போட்டுக்கிற, ஆத்தா. தம்பி, இந்தக் கறுப்பு மெஷின் உள்ள கியர் இரும்பா, பிளாஸ்டிக்கா?

— அலமாக்! வர்றவங்க எல்லாம் கலர்தான் கேப்பாங்க, நீங்க கியர் கேக்குறீங்க. முழுக்க இரும்பு ஆன்ட்டி. சர்வீஸ் பக்கம் நாலு வருசம் இருந்தேன், நானே திறந்து பாத்திருக்கேன். மத்ததுல மெஷின் தலையைத் தூக்கணும், ஆணி லூசாயிடும். இதுல கிண்ணம்தான் மேல ஏறும். ஆடாது, மேடையை விட்டு நகராது.

— முறுக்கு மாவு, சப்பாத்தி மாவு தாங்குமா?

— ஒரு கிலோ தாராளமா. ஆனா ஸ்பீடு ரெண்டுக்கு மேல போகக் கூடாது. பிசையிற கொக்கி தேஞ்சா இங்க தெப்ரா கடையிலேயே கிடைக்கும்.

— அத்தை, இவ்வளவு கனமா வேணாம். அந்தச் சின்ன வெள்ளை போதும். நீங்க ஒரு ஆளா இதைத் தூக்கி வைக்க முடியாது.

— நான் ஏன் ஒரு ஆளா தூக்கணும்?

— இல்ல... சும்மா சொன்னேன்.

— தம்பி, ஸ்டோர்ல பிரிக்காத டப்பா இருக்கான்னு பாத்துட்டு வாங்களேன்.

— அஞ்சு நிமிசம் ஆன்ட்டி.

— அபர்ணா, மணியம்னு ஒருத்தர் நேத்து வீட்டு போனுக்கு அடிச்சாரு. நீ மாசாய்ல வாடகைக்குப் பேசின வீட்டுச் சாவியை எப்ப வந்து வாங்கிக்கிறீங்கன்னு கேட்டாரு.

— அத்தை...

— அழாத. ஆளுங்க பாக்குறாங்க.

— சொல்லணும்னுதான் இருந்தேன். தினமும் காலையில காப்பி கலக்கும்போது சொல்லிடலாம்னு நினைப்பேன். அதுக்குள்ள எனக்கும் சேத்து நாற்காலியை இழுத்துப் போடுவீங்க. வாய் வராது.

— எம் பையன் விவேக்கோட விசயம் எனக்குத் தெரியும், ஆத்தா.

— அவரே சொன்னாரா?

— போன மாசம், சிங்கப்பூர்லேர்ந்து. அங்க ஒருத்தியோட இருக்கானாம். தை பொறந்ததும் அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வரப் போறானாம். நாந்தான் உங்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லணுமாம். பெத்தவகிட்ட பேசுற பேச்சா? போனை வச்சிட்டேன்.

— ஒரு மாசமா எங்கிட்ட மூச்சு விடலையே நீங்க?

— உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். நீயும் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிருக்க. ஒரே அடுப்படியில நின்னு ரெண்டு பேரும் நடிச்சிருக்கோம், போ.

— உங்கமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல அத்தை. அந்த வீட்டுல இனிமே என்னால இருக்க முடியாது, அவ்வளவுதான். மாசாய்ல ஒரு பேக்டரி கேன்டீனுக்கு தினம் பன் போட்டுக் குடுக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க. கையாலயே பிசைஞ்சுக்குவேன்.

— மணிக்கட்டுல பட்டை போட்டுக்கிட்டு நிக்கிறவ, கையால பிசையப் போறாளாம்!

— இவ்வளவு பெரிய சாமான் எனக்கு எதுக்கு? நான் உங்க வீட்டை விட்டுப் போறவ.

— அதனாலதான் சொல்றேன். போற எடத்துல பாதி வேலையில நின்னு போற மெஷின் ஒனக்கு ஆகாது.

— ஆன்ட்டி, புது டப்பா இருக்கு! பில் யார் பேர்ல போடட்டும்?

— அபர்ணான்னு போடுங்க. வாரண்டியும் அவ பேர்லயே இருக்கட்டும்.

— டெலிவரி எந்த வீட்டுக்கு?

— மாசாய்க்கு. அட்ரஸ் அவ சொல்லுவா.

— அத்தை, நீங்க...

— சொல்லு ஆத்தா, தம்பி பேனாவோட நிக்கிறாரு. அப்படியே எனக்கும் ஒண்ணு சொல்லு. அந்த வீட்டுல கீழ ஒரு ரூம் இருக்கா? முட்டி வலியோட என்னால மாடி ஏற முடியாது.