செதில் பாத்த கண்ணு

இல்ல ரபியம்மா, என்னால முடியாது. அம்மா சரின்னு சொன்னாங்கன்னா அது அம்மா சொன்னது. என்னைக் கேட்டாங்களா? உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நாற்காலி போடச் சொல்லுங்க, போடறேன். பாத்திரம் தொடைக்கச் சொல்லுங்க, தொடைக்கறேன். ஆடச் சொன்னா பொம்பளைங்க பக்கம் மொத்தமும் களைச்சு உக்காந்ததுக்கு அப்புறமும் ஆடறேன். மீன் மட்டும் வேற யாரையாச்சும் வாங்கச் சொல்லுங்க.

உக்காருங்க மொதல்ல. அந்த முட்டிய வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே சண்டை போடாதீங்க. அம்மா தையக்கடைலேர்ந்து வர நேரம் இருக்கு. டீ? சரி, வேணாம்.

ஆமா, இன்னிக்கு வியாழக்கிழமைதான். ஆமா, மீன் வாங்கப் போகல. உங்க வீட்டுக்கு மட்டும் இல்ல, யார் வீட்டுக்கும் இன்னிக்கு மீன் இல்ல. நாளைக்கு ராத்திரி ஓய்வுநாள் விருந்த எல்லாரும் கோழியோட நிறுத்திக்கட்டும், ஒண்ணும் ஆயிடாது.

கோவமா? யார் மேல? யாரும் ஒண்ணும் சொல்லல. அனிபாலா! சீ, அவரு அப்படிப்பட்ட ஆள் இல்ல. மீன் கவுன்டர்ல நிக்கறவங்கள்ல அவ்ளோ பொறுமையான மனுஷனை நான் பாத்ததே இல்ல. மொத தடவை நான் அந்த சூப்பர்மார்க்கெட்டுக்குப் போன கதை தெரியுமா உங்களுக்கு? வாசல்லயே செக்யூரிட்டி புடிச்சுக்கிட்டான். நீளப் பாவாடை போட்ட பொண்ணு, பையத் தொறந்தா ஒரு முழத்துக்குக் கத்தி. மீன் வாங்க வந்தேங்கறேன். ஏன், கடைல கத்தி இல்லியாங்கறான். இருக்கு, ஆனா அது இறால் அறுத்த கத்தின்னேன். அதுக்கென்னங்கறான். துடுப்பும் செதிலும் இல்லாதது நம்ம வேதத்துல ஆகாது, அது பட்ட கத்தியும் ஆகாதுன்னு அவனுக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? அப்பதான் அனிபால் உள்ளேர்ந்து கத்தறாரு: விடுப்பா, ஆபரேஷனுக்கு டாக்டரம்மா வந்திருக்கு.

அன்னிலேர்ந்து கடைல எனக்கு டாக்டரம்மான்னுதான் பேரு.

உங்களுக்குத் தெரியாதது இல்ல. கிளிக் தாத்தா இருந்தவரைக்கும் இந்த ஊர் யூத ஜனம் யாராச்சும் மீனப் பத்திக் கவலப்பட்டோமா? அவரு மீன் கடை, நம்ம குரு, உங்க வீட்டுக்காரரு ரபியோட மேற்பார்வை, கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டு வந்தோம். அவரு கடைய மூடிட்டு மகன் வீட்டோட ஃப்ளோரிடா போனாரு பாருங்க, அப்ப முழிச்சீங்க எல்லாரும். நியூயார்க்லேர்ந்து வரவழைக்கலாம்னு மூணு கூட்டம் போட்டீங்க. கூட்டத்துல கேக் தின்னதுதான் மிச்சம். அம்மாதான் சொன்னாங்க, இவ சும்மாதானே இருக்கா, பள்ளிக்கூடமும் விட்டாச்சு, கத்தியக் குடுத்து அனுப்புவோம்னு.

நான் ஒழுங்காத்தான் செஞ்சேன் ரபியம்மா. அதுல யாரும் கொறை சொல்ல முடியாது. முழு மீனா எடுத்துக் காட்டச் சொல்லுவேன். துடுப்பு பாப்பேன். செதில நகத்தால நானே கெளப்புவேன், தோல் கிழியாம வருதான்னு. அப்புறம் என் பலகை, என் கத்தி, நான் கொண்டுபோற அரைக்கற கை மெஷின். அனிபால் தோல உரிச்சு, முள்ளெடுத்து, அரைச்சுப் பையில போட்டு முடிக்கற வரைக்கும் கண்ண எடுக்கமாட்டேன். ஒரு தடவை அடுக்கடுக்கா தும்மல் வந்து மூக்கத் தொடைக்கத் திரும்பிட்டேன். திரும்பிப் பாத்தா மெஷின் ஓடிட்டு இருக்கு. அந்த மீன் எனக்கு வேணாம், நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன். ஒரு தும்மலுக்கு ஒரு கெண்டையா, அடுத்த வாரம் வந்து கொஞ்சம் இருமிட்டுப் போம்மா, என் மாமியாரும் வர்றாங்கன்னாரு.

சிரிக்கறீங்க. சிரிங்க.

சால்மன் மீன் வாங்கிக்கோங்களேன். அதுக்கு நான் எதுக்கு? தோல் இல்லாட்டியும் அந்த ஆரஞ்சு நெறமே செதில் மீன்னு சொல்லிடும், ரபியே சொல்லியிருக்காரு. ...மாப்பிள்ளை வீட்டுல கெண்டை உருண்டைதான் வேணுங்கறாங்களா. அதானே. அவங்க பாட்டன் பூட்டன் தின்னது.

சரி, அப்ப இப்படிச் செய்வோம். அரைக்காம, உரிக்காம, தோலோட முழுசா கொண்டாந்து மண்டபத்துல போடறேன். ஒவ்வொரு மீனையும் நீங்களே பாத்துக்கோங்க. ...தெரியும். அத்தனை பேருக்கு யாரு உரிக்கறது, யாரு முள்ளெடுக்கறது. தெரியும் ரபியம்மா. அதான் வெனையே. அரைச்சுட்டா கெண்டையும் வெள்ள, கெளுத்தியும் வெள்ள. பையில வந்ததுக்கு அப்புறம் அது செதில் இருந்த மீனா, இல்லாத மீனான்னு உங்களாலயும் சொல்ல முடியாது, ரபியாலயும் சொல்ல முடியாது. இந்த பெய்லா, நான், பாத்தேன். அவ்ளோதான். வேற எந்தச் சாட்சியும் கெடையாது.

நம்பிக்கை இல்லாமயா உன்னைக் கேக்கறேன்னு சொல்லாதீங்க. அதைத்தான் சொல்லாதீங்கங்கறேன். என் கண்ணவிட உன் கண்ண நம்பறேன்னு நீங்க போன மாசம் எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அம்மா மூஞ்சியப் பாத்தீங்களா அப்ப? நான் பள்ளிக்கூடத்த விட்டதுக்கு அப்புறம் அவங்க வழிபாட்டுல தூணுக்குப் பின்னால போய் உக்காந்தாங்க. எந்தப் பொம்பளையும் என்னைப் பத்திக் கேட்டுடக் கூடாதுன்னு. இப்ப மொத வரிசை. என் பெய்லா பாத்த மீனு, என் பெய்லா பாத்த மீனுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாங்க. அக்காவுக்கு ஒரு வரன் வந்திருக்கில்ல, அந்தத் தரகர்கிட்டக்கூட இதத்தான் சொல்லியிருக்காங்க. சின்னவ படிக்கல, ஆனா ஊருக்கே மீன் பாக்கறவன்னு. படிக்காததுக்கு ஒட்டுப் போட்டது இந்த மீன்தான். இத நான் விட்டா கிழிசல் வெளிய தெரியும். தெரிஞ்சுதான் விடறேன்.

இல்ல, களைப்பெல்லாம் இல்ல. உங்களுக்கு எப்படிச் சொல்றது. வாசல் வாசலா பையக் குடுக்கறப்ப ஒவ்வொருத்தரும் உன் கை நல்லா இருக்கட்டும்ங்கறாங்க. எனக்கு அந்தக் கைய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. கோட்டுப் பையில விட்டுக்கறேன்.

எதிர்வீட்டு மெல்வினத் தெரியுமில்ல? நம்ம ஆளுதான், நம்ம ஜனம்தான், பெரிய பண்டிகைக்கு மட்டும் எட்டிப் பாப்பாரே, அவரு. போன வாரம் ஏரியில மீன் புடிச்சு, தானே கழுவி, தானே அரைச்சு, புது டப்பா வாங்கி அதுல போட்டுக் கொண்டாந்தாரு. நாங்க அவரு பெண்டாட்டிக்கு ஒடம்பு முடியாதப்ப சூப் குடுத்தோம்ல, அதுக்காக. கத்தி, பலகைகூடப் புதுசாம்மா, செதில நானே என் கண்ணால பாத்தேன்னு சின்னப்புள்ள மாதிரி சொல்றாரு. அம்மா சிரிச்ச முகமா வாங்கிக்கிட்டாங்க. அவரு தெருவத் தாண்டி வீட்டுக்குள்ள போற வரைக்கும் காத்திருந்து, டப்பாவ என் கையில குடுத்து, பின்வீட்டு நாய்க்குப் போட்டுட்டு வாடின்னாங்க.

எனக்குக் கோவம் வந்துச்சு. ஏம்மா, அவரு பொய் சொல்ற ஆளான்னேன். யாருடி சொன்னா, அவரு வாயில பொய்யே வராதுன்னாங்க. பின்ன என்னன்னேன். ஓய்வுநாள்ல வண்டி ஓட்டக் கூடாதுன்னு தெரிஞ்சும் காரை எடுத்துக்கிட்டுப் போறவருடி, அவரு பாத்தது இதுக்கு ஆகாது, பாக்கற கண்ணு ஓய்வுநாளக் காக்கற கண்ணா இருக்கணும்னாங்க. அதோட விட்டாங்களா? உன் கண்ணு மாதிரின்னு என் கன்னத்தத் தட்டிட்டு அடுப்பப் பாக்கப் போயிட்டாங்க.

அந்த நாய் டப்பாவ நக்கி முடிக்கற வரைக்கும் நான் அங்கயே நின்னேன் ரபியம்மா. நல்லா தின்னுச்சு. நல்ல மீனுதான் போல.

என்ன அப்படிப் பாக்கறீங்க? மெல்வின் காரை வாசல்ல எல்லாரும் பாக்கத்தான் எடுக்கறாரு. நான் கதவச் சாத்திக்கறேன். ஓய்வுநாள் மத்தியானம் நீங்கள்லாம் சாப்ட்டுப் படுக்கறீங்கல்ல, கரண்ட்ட எழுப்பினா பாவம்னு சுவிட்ச்சக்கூடத் தொடாம, அப்ப மாடில போர்வைக்குள்ள போன்ல படம் பாக்கறேன். கெட்ட படம் ஒண்ணும் இல்ல, பெங்குவின் படம். பனி விழ ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு வாரம்கூட விட்டதில்ல. மீன் வாங்கினதும் ஒரு வாரம்கூட விட்டதில்ல.

வீட்டுக்குப் போனதும் ரபிகிட்டக் கேளுங்க, என் கண்ணு பாத்த மீன் வெந்த சட்டியும் ஆகாதுல்ல, அதையெல்லாம் என்ன பண்றதுன்னு. யார் வீட்டுதுன்னு கேப்பாரு. எங்கம்மாவோடத மொதல்ல சொல்லுங்க. உங்களோடதையும் சேத்துச் சொல்லுங்க.