ஓங்கிய கை

அவைத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஊர்க்குழுத் தலைவர் யிங் அவர்களே! சூரியகாந்தி விதை கொறித்தபடி முன்வரிசையை முழுதாக ஆக்கிரமித்திருக்கும் பெரியவர்களே! விடியுமுன் எழுந்து, விறகடுப்பு மூட்டி, வியர்வை வழிய அரிசி அவித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! ஷாங்ஹாயிலிருந்தும் ஹாங்ஜோவிலிருந்தும் ரயிலில் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்த பிள்ளைகளே! கல்லுரலின் அருகே சம்மட்டியும் கையுமாக, என்னை முறைத்துக்கொண்டு நிற்கும் என் வீட்டுக்காரர் லுவோ பைஷான் அவர்களே! உங்கள் அனைவரையும் தாவ் சூயின் ஆகிய நான் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

"அரிசி வேகிற வரைக்கும் பேசு, வெந்ததும் நிறுத்திடு" என்று தலைவர் ஆணையிட்டிருக்கிறார். நல்லவேளை, நம் அரிசி நிதானமாக வேகும் அரிசி.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பதாகையைப் பாருங்கள். 'டா நியன்காவ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. புத்தாண்டுக்கு அரிசிப் பலகாரம் இடிக்கும் திருநாள்! நம் மொழி படிக்க வந்து, என் வீட்டில் தங்கியிருக்கும் உஸ்பெக் நாட்டுப் பெண் நர்கீசா, நேற்று இதைப் படித்துவிட்டுத் திகைத்தாள். "அத்தை, 'டா'ன்னா அடிக்கிறதுதானே? திங்கிற பொருளை எதுக்கு அடிக்கிறீங்க? அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்றாள்.

சிரிக்காதீர்கள்! நாம் என்றைக்காவது யோசித்தோமா? கன்னத்தில் அறைந்தால் அது டா. குடத்தில் தண்ணீர் மொண்டால் அதுவும் டா. மழைக்குக் குடை விரித்தால் டா. பந்து விளையாடினால் டா. தூரத்துப் பிள்ளையைத் தொலைபேசியில் கூப்பிட்டால் டா. கம்பளி நூலெடுத்துக் கண்ணி கண்ணியாகச் சட்டை பின்னினாலும் டா! ஒரே கை, ஒரே சொல், ஒன்றுக்கொன்று ஒட்டாத எத்தனை உறவுகள்! "இதுல உண்மையான அர்த்தம் எது அத்தை?" என்று அவள் கேட்டாள். பதில் நேற்றிரவே என் வீட்டுக்குள் இருந்ததைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஊரறிந்த கதையை நான் ஏன் ஒளிக்க வேண்டும்? கூரைத் தண்ணீர் யார் முற்றத்தில் விழுவது என்ற சண்டையில், இதோ இந்த மண்டபத்து வாசலில், என் வீட்டுக்காரர் தன் தம்பி ஹெங்கைக் கன்னத்தில் அறைந்தார். அதுவும் ஒரு டா. அந்த மழைக்காலம் முடிந்தது. முற்றம் காய்ந்தது. மனம் காயவில்லை. அடுத்தடுத்த வீடு, ஆண்டுக்கணக்காய்ப் பேச்சில்லை.

என்னங்க, கண்ணை உருட்டாதீர்கள். ஒலிபெருக்கி என் கையில் இருக்கிறது!

அதன் பிறகு ஒவ்வொரு புத்தாண்டு மாலையும் இவர் கைபேசியை எடுப்பார். எண்களைத் தட்டுவார். காதில் வைப்பதற்குள் அணைத்துவிடுவார். "யாருக்குங்க?" என்று கேட்பேன். "தப்பான நம்பர்" என்பார். "வருஷா வருஷம் அதே தப்பான நம்பரா?" என்று கேட்டால் கோபித்துக்கொண்டு கோழிக்குத் தீனி போடக் கிளம்பிவிடுவார்.

இப்போது தாய்மார்கள் எல்லோரும் அவர் மேலிருக்கும் கம்பளிச் சட்டையைப் பாருங்கள். சாம்பல் நிறம், உயர்ந்த கழுத்து. சந்தையில் வாங்கியது என்று சொல்லித்தான் போட்டுவிட்டேன். பொய்! பின்னியது தம்பி மனைவி ருயிஃபாங். ஆண்கள் வாசலை மூடினார்கள். நாங்கள் கொல்லைக் கதவைத் திறந்தே வைத்திருந்தோம்.

இருங்கள், கைதட்டலை மிச்சம் வையுங்கள். நேற்றிரவு நர்கீசாவின் கேள்வியை ருயிஃபாங்கிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அளவெடுக்க எங்க வீட்டுக்காரர் மேலதானே வச்சுப் பார்ப்பேன்? இந்தத் தடவை, 'இது எனக்கா, அண்ணனுக்கா'ன்னு கேட்டுட்டார். அவரே சொன்னார்: 'அண்ணனுக்குன்னா கழுத்தை உயர்த்திப் பின்னு. காத்து பட்டா அவருக்கு இருமல் வந்துடும்.'"

கேட்டீர்களா பைஷான்? குளிர் தொடங்கியது முதல் உங்கள் கழுத்தைச் சுற்றியிருப்பது வெறும் கம்பளி இல்லை. என்ன, தொட்டுப் பார்க்கிறீர்களா? தொட்டுப் பாருங்கள்.

சபையோரே, சிக்கல் ஒன்று இருக்கிறது. மாவு புரட்டும் ஷென் மாமா சோயாச் சாறு வாங்கப் போய், வண்டியோடு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இடி விழும் இடைவெளியில் உரலுக்குள் கைவிட்டு மாவைப் புரட்ட ஆள் வேண்டும். என் வீட்டுக்காரரின் சம்மட்டிக்குக் கீழே கைவைக்க இந்த ஊரில் யாருக்குத் துணிவு? அவரோடு வளர்ந்தவனுக்கு மட்டும்தான் அந்தத் தாளம் தெரியும். இன்று ஆள் கிடைக்காவிட்டால் இந்த ஆண்டு உரலைக் கவிழ்த்துவிட்டு, ஆலையில் அரைத்த கட்டியை வாங்கித் தின்ன வேண்டியதுதான். சம்மதமா? சம்மதமா உங்களுக்கு?

அரிசி வெந்துவிட்டதென்று அடுப்படியில் கை காட்டுகிறார்கள். ஆவி பறக்க உரலில் கொட்டுகிறார்கள். ஆறினால் இடிக்க முடியாது. நான் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன்.

கடைசி வரிசையில் யாரோ எழுந்திருக்கிறார்கள்... வழி விடுங்கள், வழி விடுங்கள்! சட்டைக் கையை மடக்குகிறார். வாளியில் கை நனைக்கிறார். உரலருகே குனிந்துவிட்டார் ஹெங்! என்ன சொல்கிறார்? நீங்கள் சிரித்தால் எனக்கு எப்படிக் கேட்கும்?

"அண்ணே, கொஞ்சம் மெதுவா."

"மெதுவா இடிச்சா மாவு சேராதுடா. நீ கையை எடுத்தப்புறம்தான் போடுவேன். பயப்படாதே."

நர்கீசா, கண்ணம்மா, எழுந்து நின்று பார்! எழுதி வைத்துக்கொள்ளாதே, பார்! சொல் தனியே நின்றால் அடியா அணைப்பா என்று யாருக்குத் தெரியும்? அருகே என்ன வந்து நிற்கிறது என்று பார்த்தால்தான் பொருள் விளங்கும். கையும் அப்படித்தான். அன்று அறைந்த அதே கை. இதோ, சம்மட்டியை ஓங்கியபடி அந்தரத்தில் நிற்கிறது, தம்பியின் விரல்கள் உரலைவிட்டு வெளியே வரட்டும் என்று.

விழுந்தது முதல் இடி! இப்போது தட்டுங்கள் கைகளை!

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பொங்கிச் சிரித்த பிள்ளைகளுக்கும், அரிசியை அவசரப்படுத்தாத அடுப்பங்கரைத் தாய்மார்களுக்கும் என் நன்றி. வரும் ஆண்டு உங்கள் வீட்டு வாசல்கள் திறந்தே இருக்கட்டும். ருயிஃபாங், கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டெடுத்து வா. முதல் கட்டி உங்கள் வீட்டுக்கு. இனிமேல் முன்வாசல் வழியாகவே கொண்டு போகலாம். வணக்கம்!