பதினாலாம் நம்பர் தாள்

இல்லைங்க சார், நிக்கிறதே வசதி. உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. நீங்க மைக்ராஸ்கோப்புல இருந்து கண்ண எடுக்க வேணாம், காத மட்டும் இந்தப் பக்கம் குடுங்க, போதும்.

ஈ ஒட்டுற எண்ணெய்த் தாள் இருபதும் கொண்டாந்துட்டேன். நேத்து சாயங்காலம் வீடு வீடா மாட்டினது, காலையில கழட்டினது, நம்பர் வரிசையா அந்தக் கூடையில இருக்கு. ஆமணக்கெண்ணெய் கையெல்லாம் ஒட்டி, அதே கையால முகத்தத் தொடச்சு, பஸ்ல பக்கத்துல ஒருத்தரும் உக்காரல. நிம்மதியா ஜன்னலோரம் வந்தேன்.

முகம் வாடிக் கெடக்கா? அது ஒண்ணுமில்ல, தூக்கம் இல்ல. பட்டாணிக்குக் காய்ச்சல். எம் பொண்ணுதான், நாலு வயசு. குண்டா உருண்டையா இருப்பான்னு நாங்க வச்ச பேரு. பத்தொம்போது நாளாச்சு சார்.

காட்டாம இருப்பேனா? ரெண்டு தடவ டாக்டர்கிட்ட காட்டியாச்சு. டைபாய்டுன்னு மாத்திரை குடுத்தாரு. ரெண்டு நாள் விடும், மூணாம் நாள் திரும்ப அனலாக் கொதிக்கும். இப்ப உருண்டையும் இல்ல, ஒண்ணுமில்ல. கையும் காலும் குச்சியாப் போச்சு. வயிறு மட்டும் முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்குது. போன வாரம் குளிப்பாட்டும்போது தொட்டுப் பாத்தேன், இடது பக்கம் விலாவுக்குக் கீழ கெட்டியா ஏதோ தட்டுப்படுது. கை வச்சதும் எனக்குத்தான் குளுருச்சு.

அதான் கேக்கலாம்னு வந்தேன். இந்த ஈ கடிச்சு வர்ற கருங்காய்ச்சல்னு நீங்க சொல்லுவீங்களே, அது எப்படி ஆரம்பிக்கும்?

ம்... நீங்க இதத்தான் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். எங்க தெருவுல இருபது வீட்டுல தாள் மாட்டி, அந்த வெள்ளிக்கால் ஈ மாட்டினது பதினாலாம் நம்பர் வீட்டுல மட்டுந்தான், அங்கயும் மருந்து அடிச்சாச்சு, வீணாப் பயப்படாதேன்னு. சரிதான். பயப்படாமத்தான் இருந்தேன், போன வாரம் வரைக்கும்.

ஒண்ணு சொல்லட்டுமா, இந்த வேலைக்கு வந்த புதுசுல எனக்கு ஈன்னா ஈதான். மணல் ஈன்னு பேரு சொன்னீங்க, நான் ஆத்து மணல்ல இருக்கும்னு நெனச்சேன். நீங்கதான் இதே மேஜையில காட்டினீங்க. கொசுவுல பாதி கூட இல்ல, உடம்பெல்லாம் பூனைமயிரு, ரெக்கை ரெண்டையும் மேல தூக்கி வச்சுக்கிட்டு, பறக்கத் தெம்பில்லாம சுவத்துல தத்தித் தத்திப் போவும். ஆம்பளை கடிக்காது, பொம்பளைக்குத்தான் ரத்தம் வேணும். உலகத்துல ஆயிரம் வகைக்கிட்ட இருக்கு, ஆளுக்கு நோய் குடுக்கிறது அதுல நூறு கூட இருக்காதுன்னீங்க. தொண்டைக்குள்ள வரிசையாப் பல்லு இருந்தா அது பல்லியக் கடிக்கிற சாதி, விட்டுத் தள்ளுன்னீங்க. தொண்டையில பல்லுன்னதும் எனக்கு எங்க நாத்தனா ஞாபகம் வந்து சிரிச்சேன், நீங்க கூட ஏம்மா சிரிக்கிறேன்னு கேட்டீங்க. காலு வெள்ளியா மினுங்கிச்சுன்னா ஜாக்கிரதை, மாட்டையும் கடிக்கும், மனுசனையும் கடிக்கும். எல்லாம் மனப்பாடமா இருக்கு பாருங்க. இருந்து என்ன.

அந்தப் பதினாலாம் நம்பரு, பூட்டு ரிப்பேர்காரரு வீடு. ஒத்த ஆளு. சிமெண்ட் தரை, சுண்ணாம்பு அடிச்ச சுவரு, ஒரு விரிசல் கெடையாது, ஆடு மாடும் கெடையாது. இவ்வளவு காஞ்ச வீட்டுல எப்படி இந்த ஈ வருதுன்னு நீங்களே தலையச் சொறிஞ்சீங்க. மூணு மாசம் முன்னாடி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அன்னைக்கு நான் இந்தக் கதவுக்கிட்ட கூடையோட நின்னேன். வாயத் திறக்கல.

அப்புறம் ஆளுங்க போயி அவரு வீட்டுக்குள்ள மருந்து அடிச்சாங்க. அவரு விரல்ல குத்தி ரத்தம் எடுத்து, கருங்காய்ச்சல் இருக்கான்னு பாக்கிற அந்தப் பட்டையில விட்டாங்க. ஒரு கோடுதான் விழுந்துச்சு, அவருக்கு நோய் இல்ல. என் வெள்ளைச் சுவரு போச்சேன்னு மனுசன் தெருவே கேக்கத் திட்டினாரு. என்னைப் பாத்துத்தான் திட்டினாரு.

ஏன்னா... அவரு என்னை ஒருநாளும் உள்ள விட்டதில்ல சார். மொத நாளே, எண்ணெய்க் காகிதத்த எஞ் சுவத்துல ஒட்டினே, நாய அவுத்து விடுவேன்னுட்டாரு. மேஸ்திரிகிட்ட சொன்னேன். இருபது தாள் குடுத்தா இருபது திரும்பி வரணும், ஒண்ணு குறைஞ்சா நாளைக்கு நீ வராதேன்னாரு. வேலை பாக்கிறவங்க சொந்த வீட்டுல மாட்டக் கூடாதுன்னும் அவருதான் சொன்னாரு. நான் என்ன பண்ணட்டும்? ஒரே தெரு, அஞ்சு வீடு தள்ளி, ஈக்கு என்ன வீட்டு நம்பரா தெரியப் போகுது. அப்படித்தான் அன்னைக்கு நெனச்சேன்.

அந்தத் தாள எங்க வீட்டுலதான் மாட்டினேன் சார். நாலு மாசமா. எங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் பால்காரர் மாடு ரெண்டு நிக்குது. சுவத்துல கையி போற விரிசலு. நீங்க வெள்ளிக்கால்னு சொன்ன அன்னைக்கே நான் ஓடிப் போயி ஈரமண்ணக் குழைச்சு அந்த விரிசல அப்பினேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி. ஈரமண்ணுலதான் அது முட்டையே வைக்கும்னு அடுத்த வாரம் நீங்க பயிற்சியில சொன்னீங்க. நான் முன் வரிசையில உக்காந்து தலையாட்டிக்கிட்டு இருந்தேன்.

ஆணி எங்க அடிச்சேன்னா, பட்டாணி படுக்கிற கட்டிலுக்கு மேல. வேற இடத்துல ஆணி எறங்கல.

இல்ல சார், என்னைத் திட்டுறத அப்புறம் திட்டுங்க, மேஸ்திரிகிட்டயும் நானே சொல்லிக்கிறேன். அந்த ரத்தப் பட்டை ஒண்ணு மிச்சம் இருக்குமா? அவ வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கா. ஊசின்னா அழுவா, விரல்லதான் குத்துவாங்கன்னு சொல்லிக் கூட்டியாந்திருக்கேன். உள்ள கூட்டிட்டு வரட்டுமா, செருப்பக் கழட்டணுமா?