எட்டு இல்லாத எண்

தம்புசாமி: சாமியாரா? எந்தச் சாமியார்டா இருளாண்டி? கல்யாணத் தேதி குறிக்க வெத்தல பாக்கோட வந்து நிக்கிறேன்...

இருளாண்டி: கிளேபாங் கடற்கரையில இருக்காருங்க கங்காணி. எம்மக சுசீலாவுக்குப் பொருத்தம் கேக்கப் போனேன். ஒரு எண்ணைக் குடுத்து, இந்தச் சம்பந்தம் வேணாம்னுட்டாரு.

தம்புசாமி: எண்ணா! அம்பது வயசுல ரெண்டாந்தாரம் கேட்டு வந்தா, எண்ணு வந்து குறுக்க நிக்குதா? சொல்லு, கேப்போம்.

இருளாண்டி: ஒரு கோடியே இருபத்து மூணு லட்சத்து நாப்பத்தஞ்சாயிரத்து அறுநூத்தி எழுபத்தொம்பது.

தம்புசாமி: அம்மாடி! அத்தனை தேங்கா ஒடைக்கணுமாமா?

சுசீலா: இல்லீங்கய்யா. தரையில எழுதுறேன், பாருங்க. 12345679. ஒன்னுலேர்ந்து வரிசையா வருது. எட்டு மட்டும் இல்ல.

தம்புசாமி: ஒங்கப்பன மாதிரி எண்ணத் தெரியாதவன் எழுதியிருப்பான். அப்புறம் என்ன ‘ஐயா’? மாமான்னு கூப்புடு.

சுசீலா: நான் பொறந்தது எட்டாந்தேதிங்கய்யா. அதான் எனக்கு அதுல எடமில்லையாம். ஒங்களுக்கு எடமிருக்கான்னு பாக்கலாம், நீங்க ஒன்பதுக்குள்ள ஒரு எண்ணை நெனைங்க.

தம்புசாமி: ஏழு. ராசியான எண்ணு.

சுசீலா: ஒன்பதால பெருக்குனா அறுபத்து மூணு. அதால இந்தப் பெரிய எண்ணைப் பெருக்குங்க. இந்தாங்க, கரித்துண்டு.

தம்புசாமி: நானா?

சுசீலா: நாங்க போட்டா நம்புவீங்களா?

தம்புசாமி: ம்... மூவொம்பது இருபத்தேழு... கையில ரெண்டு... மூவேழு... அவசரப்படுத்தாத!

இருளாண்டி: நாங்க வாயே தெறக்கலீங்களே.

தம்புசாமி: ஏழு... ஏழு... அடடே, மறுபடியும் ஏழு! ஒன்பது ஏழுடா!

இருளாண்டி: பாத்தீங்களா? ஒன்பது எடத்துலயும் நீங்களே ஒக்காந்துட்டீங்க. வர்றவ எங்க ஒக்காருவா?

தம்புசாமி: இரு, இரு... இவ எட்டுதானே? எட்டையும் போட்டுப் பாத்துடறேன். எட்டொம்பது எழுபத்திரண்டு... ஈரொம்பது பதினெட்டு... கையில ஒன்னு...

இருளாண்டி: மெதுவாப் போடுங்க கங்காணி.

தம்புசாமி: டேய்! எட்டே இல்லாத எண்ணுலேர்ந்து எட்டு எட்டாக் கொட்டுது! எதப் போட்டாலும் அதேதான் வரும் போலிருக்கே!

சுசீலா: ஆமாங்கய்யா. அந்த எண்ணை ஒன்பதால பெருக்குனா ஒன்பது ஒன்னு வரும். அதை ஏழால பெருக்குனா எல்லாம் ஏழு, எட்டால பெருக்குனா எல்லாம் எட்டு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் சொல்லிக் குடுத்த விளையாட்டு.

தம்புசாமி: அப்ப... சாமியாரு?

சுசீலா: கணக்கு நெசம். சாமியாரு பொய்.

தம்புசாமி: இந்தத் தம்புசாமிய ஏமாத்த முடியுமா லா? ரப்பர் வெல விழுந்து ஆளைக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்புற காலம் இது. வர்ற வெள்ளிக்கெழம தாலி. மாட்டேன்னா நாளைக்கே தோட்டத்து லயத்து வீட்ட விட்டு வெளிய நிப்பீங்க! கூப்புட்றா ஒம்பொண்டாட்டிய. தட்டை வாங்கிக்கச் சொல்லு.

இருளாண்டி: அவ இல்லீங்களே. டுரியான் துங்கால்ல என் மச்சான் மரக்கறித் தோட்டம் போட்டிருக்கான், அங்க கெளம்பிட்டா. நீங்க ஏழப் போட்டப்ப பின்வாசல்ல வண்டியில பாத்திரமெல்லாம் ஏறுச்சு. எட்டையும் போட்டீங்க பாருங்க... கோழிங்களும் ஏறிருச்சு. வாம்மா சுசீலா, போவோம். மிச்சக் கணக்க கங்காணி போட்டுக்கட்டும்.