ஹெட்போனில் அவள் குரல்

எனக்குக் கைவேலை சுட்டுப்போட்டாலும் வராது, மச்சான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஆடுகிறதே, அதைப் பழுது பார்த்த புண்ணியவான் நான்தான். உங்கள் தங்கை ஏன் பேச்சை நிறுத்திவிட்டாள் என்று கேட்டீர்கள். கம்ப்யூட்டரில் ஒரு கார்டை மாட்டிய கதையிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

அவள் மைக் முன்னால் புத்தகம் வாசிப்பாள், நான் பதிவு செய்வேன். மைக்கில் பேசுவதைக் கம்ப்யூட்டருக்கு எண்களாக்கித் தரும் கார்டு ஒன்று புதிதாக வாங்கினோம். தப்பான இடத்தில் செருகி, பெட்டியை மூடி, மறுபடி திறந்து, ஒருவழியாக மாட்டினேன். அதற்கான அமைப்புகளில் பஃபர் என்று ஓர் எண் இருந்தது. பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று உச்சத்தில் வைத்தேன். நம் அறிவு அவ்வளவுதான்.

தன் குரலை ஹெட்போனில் கேட்டபடி வாசிக்க உட்கார்ந்தவளுக்கு நாக்குத் தடுமாறியது. "என்னங்க, நான் பேசுறது எனக்கே லேட்டா கேக்குது. என்னத்த மாட்டித் தொலைச்சீங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த எண் ஏறினால் குரல் தாமதமாகும் என்று அப்போதுதான் புரிந்தது. எண்ணைக் குறைத்தேன், சரியாகிவிட்டது.

பிறகு வெளியூரில் ஒரு பெரிய ஸ்டூடியோ அவளை வேலைக்குக் கூப்பிட்டது. "நீங்களும் வாங்களேன், அங்க ஏதாவது பாத்துக்கலாம்" என்றாள். நான் எதைப் பார்ப்பது? அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கலாம். எனக்கு வயிறு எரிந்தது.

பஃபர் எண்ணைக் கொஞ்சம் ஏற்றினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம், குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி. அவள் திக்கினாள். "அந்தக் கார்டுதாங்க, மறுபடி லேட்டா வருது" என்றாள். அவள் எழுந்து வருவதற்குள் எண்ணை இறக்கிவிட்டு, ஹெட்போனை நான் மாட்டிப் பார்த்தேன்.

"எனக்குச் சரியாத்தாம்மா கேக்குது. நீயே பேசிப் பாரு."

பேசிப் பார்த்தாள். சரியாகத்தான் கேட்டது. முகம் வெளுத்துப் போய் மறுபடி மைக் முன்னால் உட்கார்ந்தாள். எண்ணை மறுபடி ஏற்றினேன். தினமும் இதே கதைதான். ஒன்றுக்கும் உதவாத இந்தக் கை அதில் மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். காதில் கோளாறில்லை, மனக்கவலை என்றார். மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தது நான்தான். அவள் வரமாட்டாள் என்று ஸ்டூடியோவுக்கு ஃபோனில் சொன்னதும் நான்தான். அவளுக்குத்தான் 'ஹலோ'வே வரவில்லையே. பிறகு திக்கிவிடுவோமோ என்ற பயத்தில் வீட்டிலும் வாய் திறப்பதை விட்டுவிட்டாள். இப்படியொரு கணவன் யாருக்குக் கிடைப்பான் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் மறுக்கவில்லை.

ஆமாம் மச்சான், நான்தான் செய்தேன். அதற்காக நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. நேற்று எண்ணை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டு, அவளை மைக் முன்னால் உட்காரவைத்து, "இப்ப பேசும்மா, நல்லா வரும்" என்று கெஞ்சினேன். மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இவ்வளவு இறங்கி வந்தும், ஒரு வார்த்தை பேச அவளுக்கு மனம் வரவில்லை.