பொதுச் சுவரில் வைத்த ரவுட்டர்

எங்கள் வீட்டு அடுப்படியில் மட்டும் முன்பெல்லாம் வைஃபை எடுக்காது, மேடம். ஹாலில் நன்றாக வரும். அடுப்படிக்குள் போனால் சீரியல் நின்று வட்டம் சுற்றும். பழைய காலத்துக் குவார்ட்டர்ஸ், ஒவ்வொரு சுவரும் அணை கட்டினது மாதிரி தடிமன். என் வீட்டுக்காரர் துரைராஜ் முப்பத்திரண்டு வருஷமாக மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறார். வீட்டிலும் அவர் பெல்ட் மாதிரிதான்: சோபாவிலிருந்து சாப்பாட்டுக்கு, சாப்பாட்டிலிருந்து சோபாவுக்கு. அடுப்படி இருக்கும் திசையே அவருக்குத் தெரியாது.

பெங்களூரிலிருந்து மகன் அருண்ராஜ்தான் புது ரவுட்டர் அனுப்பினான். நான்கு ஆன்டெனா, மல்லாத்திப் போட்ட நண்டு மாதிரி. என் போனில் ஒரு ஆப்பும் போட்டுக் கொடுத்தான். எந்தப் போன் நம் வைஃபையில் சேர்ந்தது, எத்தனை மணிக்கு, எப்போது போனது, எல்லாம் அதில் தெரியும். இணைப்பில் இருந்தால் பச்சைப் புள்ளி, போய்விட்டால் சாம்பல். "ஹால்ல நடுவுல உசரமா வைம்மா, எல்லா ரூமுக்கும் எடுக்கும்" என்றான். நான் அடுப்படி அலமாரியில் வைத்தேன். அது பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுச் சுவர். அந்தப் பக்கமும் நன்றாக எடுத்தது. அதற்கு நான் என்ன செய்ய?

பக்கத்து வீட்டில் செந்தில்நாதனும் அவன் மனைவி சங்கீதாவும். அவன் கம்மாபுரம் பக்கம், மைன்ஸுக்கு நிலம் கொடுத்த குடும்பம், பர்மனென்ட் வேலை. வெளியே பார்த்தால் தங்கமான பிள்ளை. தெரு நாய்க்குக்கூட பிஸ்கட் வாங்கிப் போடுவான். ஷிப்டுக்குப் போகும்போது சங்கீதாவின் போனை மட்டும் டிபன் பையில் போட்டு எடுத்துப் போய்விடுவான். இதை அவளாகச் சொல்லவில்லை. துணி காயப்போடும் இடத்தில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. கேட்கிற விதத்தில் கேட்டால் யாரும் சொல்வார்கள். ஒருமுறை அவள் முழங்கை நீலம் பாரித்திருந்தது. "பீரோ கதவுல இடிச்சிக்கினேன்க்கா" என்றாள். இந்த பிளாக்கில் பீரோக்கள் பெண்களாகப் பார்த்துத்தான் இடிக்கும்.

யார் எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று எனக்கு மனப்பாடம். என் ஆப்பில் ஒரு போன் வந்துகொண்டிருந்தது. செந்தில்நாதனுக்கு முதல் ஷிப்ட் வாரம் என்றால் காலை ஆறேகாலுக்குச் சேரும், ஒன்றரைக்குப் போய்விடும். இரண்டாவது ஷிப்ட் வாரம் என்றால் மதியம் இரண்டேகாலுக்கு மேல். அவனுக்கு வார விடுமுறை என்றால் வரவே வராது. ஷிப்ட் சங்கு தப்பினாலும் அது தப்பாது.

போன மாதம் இருபதாம் தேதி இதைத்தான் அவனிடம் சொன்னேன். வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. நீ ஷிப்டு போனதும் உங்க வூட்டுப் பக்கமா ஒரு போனு என் வைஃபைல சேருது. நீ வர்றதுக்கு மின்ன போயிடுது. யாருதுன்னு தெரியலை. நெட்டு தீந்துபோவுதேன்னு கேட்டேன், அவ்ளோதான்."

அவன் கையிலிருந்த துணியை நாலாக மடித்தான். பிறகு இன்னொரு மடிப்பு. "சரிக்கா" என்றான்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது, யாருடையது என்று தெரியவில்லை என்றதைத் தவிர. அந்தப் போனின் பில் என் மகன் பேரில் இருப்பதைக் கண்டுபிடித்துத்தானே வந்திருக்கிறீர்கள். ஆமாம், அது என் பழைய போன். சங்கீதாவுக்கு நான்தான் கொடுத்தேன். அரிசி டப்பாவுக்குள் வைத்துக்கொள் என்று சொன்னதும் நான்தான்.

அவள் பி.எஸ்சி. படித்தவள். அரசாங்க வேலைப் பரீட்சைக்கு அதில் வீடியோ பார்த்துப் படித்தாள். சேத்தியாத்தோப்பில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிப் போய் எழுதிவிட்டு வந்தாள். "எந்த ஊர்ல போட்டாலும் போயிடுவேன்க்கா. அவரு பர்மனென்ட்ட வுட்டுட்டு வரமாட்டாரு" என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பாள். சுவரில் நான் இரண்டு தட்டு தட்டினால் அவன் வருகிறான், போனை மறை என்று அர்த்தம். இப்படி ஒன்றரை வருஷம். என் ஆயுளில் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரே சேதி அது, மேடம். அந்தக் கஷ்டம் உங்களுக்குப் புரியாது.

பத்தொன்பதாம் தேதி பால் பூத்தில் மாடி வீட்டு சண்முகப்ரியா என்னைப் பிடித்தாள்.

"என்னாங்கக்கா, சங்கீதா பாஸாயிட்டாளாமே. வர்ற இருபத்தேழு சென்னையில கவுன்சலிங்காம். மூணு நாளாச்சி, உங்ககிட்ட சொல்லலியா? லெட்டரு பிரிண்ட் எடுக்க எங்க வூட்டுக்கு வந்தா. உங்களுக்குக் கேசரி செஞ்சிகினு வந்து சொல்லணும்னா. ஐயோ, நான் உளறிட்டேனா."

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

மூன்று நாள். என் போன், என் வைஃபை. ரிசல்ட் பார்த்ததே என் ரவுட்டரில். சேதி மட்டும் மாடி ஏறிப் போயிருக்கிறது. கேசரிக் கதையெல்லாம் சண்முகப்ரியா சமாதானத்துக்குக் கட்டினது. இந்த பிளாக்கில் எனக்கு ஒரு சேதியை இன்னொருத்தி சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இருபத்திரண்டாம் தேதி அவனுக்கு முதல் ஷிப்ட். வேறு யாரிடமோ மாற்றிக்கொண்டு காலை பத்து மணிக்கே திரும்பி வந்தான். இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததை ஜன்னலில் பார்த்தேன். சுவரில் தட்டியிருக்கலாம். கையில் மாவாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் என் வாசலில் நின்றார்கள். அவனுடைய ஒரு கையில் போன், இன்னொரு கையில் அவள் மணிக்கட்டு.

"அக்கா, இது நீங்க குடுத்ததுன்றா."

"படிக்கத்தான் குடுத்தீங்கன்னு சொல்லுங்கக்கா" என்றாள் சங்கீதா. அழவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நிச்சயமாக நம்பினாள்.

"நானா? நான் எங்க தம்பி குடுத்தேன். என் போனு இதோ கையிலயே கீதே."

அவள் என்னைப் பார்த்தாள். அவன் பழையபடி "சரிக்கா" என்றான். அவர்கள் வீட்டுக் கதவு சாத்திய சத்தம் கேட்டது.

நான் உள்ளே வந்து ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தோசை ஊற்றினேன். பச்சைப் புள்ளி இருந்தது. பத்து நாற்பத்திரண்டுக்குச் சாம்பல் ஆனது. அதற்குப் பிறகுதான் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு. கடைசியில் ஒன்று.

டிவி சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று முதலில் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். தட்டின பிறகுதான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். ஆம்புலன்ஸ் வந்தபோது அவளுக்கு உயிர் இல்லை. அடித்தது செந்தில்நாதன், அவனே ஒப்புக்கொண்டான். என்னிடமும் கேட்டீர்கள், நானும் சொல்லிவிட்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இருபத்தேழாம் தேதி சென்னையில் இருந்திருப்பாள். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்லவில்லை.

அந்த வீட்டை வேறு குடும்பத்துக்கு அலாட் செய்துவிட்டார்களாம், புதுசாகக் கல்யாணம் ஆனவர்களாம். ரவுட்டரை நான் இடம் மாற்றவில்லை, மேடம். வருகிற பெண்ணுக்கும் என்ன கஷ்டமோ, பாவம். அது யாரிடம் போய்ச் சொல்லும்?